பதிவேட்டில் ஏறாத தட்டு

எங்கள் ஓய்வூதியர் சங்கத்து ஆண்டு மலருக்கு மலையாளத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆய்வகத்தில் கரண்டு போனால் நாங்கள் இன்குபேட்டரைப் போர்வையால் மூடிக் காப்பாற்றிய கதை, யானைச் சாணத்தைப் பாயசப் பாத்திரத்தில் போட்டு அனுப்பிய பாகனின் கதை எல்லாம் அதில் இருந்தன. படித்தவர்கள் போன் பண்ணிச் சிரித்தார்கள். "விஜயா சேச்சிக்கு வயசானாலும் வாய் குறையல" என்றார்கள். வாய்க்கென்ன குறை! வாய் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டதுதான் என் கதை. அது அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. அதைத் தமிழில்தான் எழுத வருகிறது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. அப்பா மிளகுக் கிடங்கில் சாக்கு தைத்தவர். பி.எஸ்சி. முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, எறணாகுளத்தில் கால்நடை நோய் கண்டறியும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம். மாடு, ஆடு, கோழி, அப்புறம் காட்டு இலாகா பிடித்து வைத்திருக்கும் விலங்குகள். அவற்றின் சாணமும் சளியும் சீழும்தான் எனக்குச் சோறு போட்டன. சொந்தக்காரர் கல்யாணத்தில் "என்ன வேலை பாக்கறே?" என்று யாராவது கேட்டால் பந்தி முடிந்து கை கழுவும்வரை பதில் சொல்ல மாட்டேன்.

எங்கள் நுண்ணுயிர்ப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஏலியாம்மா. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மலையாளத்தில்தான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நாம் தப்பு செய்தால் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். "ஒண்ணு காட்டு மோளே, ஆரம்பத்துலேர்ந்து" என்பார். ஆரம்பத்திலிருந்து செய்துகாட்டும்போது தப்பு தானாகவே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து போய் எல்லாருக்குமாகச் சாயா போடுவார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருக்கு இரண்டு பிடிவாதம். ஒன்று, புதிதாகக் கூண்டுக்கு வரும் காட்டு விலங்கு எதுவாக இருந்தாலும், அதன் மலத்தில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடக்கூடாது. குடலில் சும்மா வாழும் சாதாரணக் கிருமியையும் எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்க வேண்டும். "அது யார்கூட வாழ்ந்ததுன்னு அதோட வயிறு சொல்லும்" என்பார். இன்னொன்று, தட்டு கெட்டுப்போனாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். நிச்சயமானதைப் பேனாவில். சந்தேகமானதை, பாழானதை, நம்ப முடியாததைப் பென்சிலில். மற்ற ஆய்வகங்களில் பாழான தட்டை யாரும் எழுத மாட்டார்கள். கழுவி ஊற்றிவிட்டு மறுபடி செய்வார்கள். எங்களிடம் மட்டும் இந்தப் பென்சில் வேலை. சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக வரும். பாழானதை எழுதி யாருக்கு என்ன லாபம் என்று முணுமுணுப்பேன்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. மலத்தைத் தொட்டு ஒரு தட்டில் கோடு கோடாக இழுத்தால் மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒரு புள்ளியை எடுத்து உப்புத் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு கலங்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுக் குழாய் உண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்ப்போம். பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, புதுத் தட்டில் மூன்று பக்கமும் பூச வேண்டும். அதன்மேல் இடுக்கியால் மருந்து தோய்ந்த காகித வட்டுகளை வைப்போம். ஒவ்வொரு வட்டும் நெற்றியில் ஒட்டும் பொட்டு அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. தட்டைக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் காலை வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால் அந்த மருந்து கிருமியைக் கொன்றிருக்கிறது. எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய ஸ்டீல் ஸ்கேலால் வளையத்தை அளப்பேன். வளையமே இல்லாமல் வட்டின் விளிம்புவரை கிருமி ஏறி நின்றால் அந்த மருந்து வேலைக்கு ஆகாது.

இன்னொரு சின்ன வேலையும் உண்டு. அந்தக் கிருமியைச் சோதிக்கும் முன்பே, விரலளவு கண்ணாடிக் குப்பியில் இருக்கும் ஜெல்லியில் ஊசியால் குத்தி இறக்கி, இறுக்கி மூடி, விலங்கின் பெயரும் தேதியும் எழுதி மர அலமாரியில் வைப்போம். இருட்டில் அது வருடக்கணக்காக உயிரோடு கிடக்கும். இதுவும் ஏலியாம்மா மேடத்தின் ஏற்பாடுதான்.

இனி செல்வராஜ். தென்காசிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்து, பள்ளுருத்தியில் குடியிருந்து, எப்படியோ விலங்குகள் மறுவாழ்வு மையம் ஒன்றில் தினக்கூலிப் பராமரிப்பாளராகச் சேர்ந்தவர். மையத்தின் பெயர் வேண்டாம். சாம்பிள்களை அவர்தான் பஸ்ஸில் கொண்டுவருவார். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் மனிதருக்கு வாய் மூடவில்லை.

"லேப் அக்கா, இந்த மலையாளத்துல நான் குரங்குகிட்ட பேசுனா அது சிரிக்கி. தமிழ்ல பேசுனாத்தான் கேக்கி" என்பார்.

"குரங்குக்குத் தமிழ் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்குத் தெரியும்."

அவர் பார்த்துக்கொண்டது சிங்கவால் குரங்குகளை. ஒரே கூண்டில் நாலு. அதில் ஒன்றுக்கு அந்த வருடம் குட்டி பிறந்தது. தாய்க்குப் பால் போதவில்லை. செல்வராஜ் குட்டிக்குப் பால் புகட்டினார். அதை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற கூண்டுகளைக் கழுவுவார் என்று மையத்து டாக்டர் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் ஐந்தாவதாக ஒரு பெண்குரங்கு வந்தது. யாரோ ஒரு பெரிய வீட்டில் திருட்டுத்தனமாக வளர்த்து, காட்டு இலாகா பறிமுதல் செய்தது. செல்வராஜ் அதற்குப் பொன்னி என்று பெயர் வைத்திருந்தார். முதல் சாம்பிளைக் கொண்டுவந்தபோது அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"அக்கா, இது கூட ஒரு பை வந்துச்சு. உள்ள பச்சப்புள்ள சட்டை, பால் பாட்டில், பாதி மருந்து மிச்சம் இருக்கிற குப்பி. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா குடுக்கிற மருந்தாம். இதுக்கு வயித்தால போனா அதையே குடுப்பாவளாம். நாலு வருசமா!"

"பணக்காரங்க பைத்தியம்" என்றேன் நான். அவ்வளவுதான். நாலு வருடம் ஆன்டிபயாட்டிக் குடித்த வயிறு என்ற தகவல் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரக் கடைசியில் மழைக்காற்றில் மரம் விழுந்து எங்கள் கட்டடத்துக்குக் கரண்டே இல்லை. சனி போனது, ஞாயிறு மதியம்தான் வந்தது. மருந்து வட்டுகள் இருந்த பிரிட்ஜ் வெதுவெதுப்பாகக் கிடந்தது. திங்களன்று பொன்னியின் கிருமியை எடுத்தேன். குப்பியில் குத்தி வைத்தேன், பெயரும் தேதியும் எழுதினேன். தட்டில் பூசி வட்டுகளை வைத்தேன். செவ்வாய்க் காலை தட்டைத் திறந்தால், ஒரு வட்டைச் சுற்றிக்கூட ஒழுங்கான வளையம் இல்லை. ஒரே ஒரு வட்டில் மட்டும் நகத்தளவு தெளிவு. மற்றதிலெல்லாம் கிருமி மெத்தை போட்டதுபோல் விளிம்புவரை ஏறியிருந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "போச்சு, வட்டெல்லாம் கெட்டுப்போச்சு" என்றேன். காட்டுக் குரங்கின் வயிற்றில் இப்படி ஒரு கிருமியா? ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த நோயாளியிடம் இருந்தால் நம்பலாம். என் புத்தி அப்படித்தான் ஓடியது. வட்டு கெட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எல்லா மருந்துக்கும் சாகும் கிருமி ஒன்றை அதற்கென்றே வளர்த்து வைத்திருப்போம். அதே வட்டுகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் மறுநாள் விடை. ஆனால் மையத்திலிருந்து போன்மேல் போன். குரங்கைத் தனிக்கூண்டில் போட்டு வாரக்கணக்காகிறது, அது சாப்பிடாமல் முடியைப் பிய்த்துக்கொள்கிறது, அறிக்கை வந்தால் கூட்டத்தோடு விட்டுவிடலாம் என்றார்கள். மேடம் அன்றைக்கு லீவு.

நோய்க்கிருமி எதுவும் இல்லை. அது உண்மை. அதைப் பேனாவில் எழுதினேன். மற்றதைப் பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். ஒரு வரி. "எல்லா வட்டும் பலனில்லை, வட்டு கெட்டிருக்கலாம், மறுபடி பார்க்க" என்று. மறுபடி பார்க்க என்று எழுதினால் மறுபடி பார்க்க வேண்டிவரும். எழுதாமல் தட்டை நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிட்டேன். வட்டுகளையும் தூக்கிப் போட்டுப் புதுப் பொட்டலம் பிரித்தேன். அன்று மாலையே அறிக்கை போனது. மறுநாள் பொன்னியைக் கூட்டத்தோடு விட்டார்கள். அது குட்டியை மடியில் வைத்துப் பேன் பார்க்கிறது என்று செல்வராஜ் போனில் சொன்னார். அவருக்கு அத்தனை சந்தோஷம்.

இரண்டு மாதம் போனது. மழை உச்சத்தில் இருந்தபோது குட்டிக்கு வயிற்றுப்போக்கு, இரத்தமும் சேர்ந்து. டாக்டர் வழக்கமான மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாளில் குறையவில்லை, இன்னொன்றுக்கு மாற்றினார். அதற்குள் எங்களிடம் சாம்பிள் வந்து, தட்டு முளைத்து, வட்டு வைத்து முடிவு வந்தது. மேடம் தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வட்டில் நகத்தளவு தெளிவு. மற்றதெல்லாம் விளிம்புவரை.

இந்தத் தட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு மருந்தைக் கொடுக்கச் சொல்லி மேடம் போன் செய்தார். மருந்து வந்து சேர்வதற்குள் குட்டி போய்விட்டது. நாலு நாள் கழித்து அதன் தாயும். பொன்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்றில் இருக்கும் சாதாரணக் கிருமி இருக்கிறதே, அது தன்னைச் சாகாமல் காப்பாற்றும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் நோய்க்கிருமிக்கும் கொடுத்துவிடும், அடுத்த வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதுபோல. கொடுத்தது சௌக்கியமாக இருக்கும். வாங்கியதுதான் கொல்லும்.

எங்கிருந்து வந்தது என்று பார்க்க எல்லாக் குரங்குகளின் மலத்தையும், பராமரிப்பாளர்கள் நாலு பேருடையதையும் மேடம் கேட்டார். செல்வராஜ் தன் குப்பியைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றி, அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டு, பையின் வாயை நூலால் தைத்துக் கொண்டுவந்தார்.

"அக்கா, மத்தவங்க கையில குடுக்க வெக்கமா இருக்கு. நீங்க நம்ம ஆளு, அதான்" என்றார். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தது. "குட்டி சாவும்போது என் விரலைப் பிடிச்சிட்டே இருந்துச்சுக்கா. பிரிக்க முடியல."

அவருடைய கிருமியிலும் அதே தட்டு. பொன்னியிடமும் அதேதான். மற்ற மூன்று பராமரிப்பாளர்களிடம் இல்லை. மேடம் அறிக்கையில் ஜாக்கிரதையாகத்தான் எழுதினார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று.

மையத்தில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். பகல் பதினொரு மணி. மேஜையில் பிஸ்கட்டும் தண்ணீர்ப் பாட்டில்களும். செல்வராஜை வராந்தாவில் நிற்க வைத்திருந்தார்கள். ஓர் அதிகாரி கேட்டார், "புதுசா வந்த குரங்கு வரும்போதே இதைக் கொண்டுவந்திருக்குமா?"

மேடம் என் பக்கம் திரும்பினார். பதிவேடு என் மடியில் இருந்தது. "விஜயே, அது வந்த அன்னைக்குப் பார்த்தியே, இது இருந்துதா?"

சன்னல் வழியாகச் செல்வராஜின் முதுகு தெரிந்தது. நான் பதிவேட்டைத் திறந்தேன். பேனாவில் என் கையெழுத்து.

"இல்ல மேடம். நார்மல்."

அவ்வளவுதான் நான் சொன்னது. மேடம் என்னை நம்பினார். இருபது வருடத்துக்கு மேல் கூட வேலை செய்தவளை நம்பாமல் வேறென்ன செய்வார்? வரும்போது குரங்கிடம் இல்லை, இப்போது இருக்கிறது, பராமரிப்பாளரிடமும் இருக்கிறது. அதற்குமேல் கூட்டத்தில் யாரும் எதையும் யோசிக்கவில்லை. கையை ஒழுங்காகக் கழுவாத ஒரு தினக்கூலி ஆள் விலங்குகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று முடிவானது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. ஒரு மெமோ வந்திருக்கும். மேடம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு "ஆரம்பத்துலேர்ந்து காட்டு மோளே" என்றிருப்பார். அந்த ஒரு மெமோவுக்கும் அந்த நாற்காலிக்கும் பயந்தேன். வெட்கக்கேடு!

அடுத்த வாரம் செல்வராஜ் ஆய்வகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்குள்ள இருக்கிறது போயிருமா? மருந்தே கிடையாதுன்னு சொல்லுதாவ. வீட்ல மக மாசமா இருக்கா."

எனக்குப் பதில் தெரியும். வயிற்றுக் கிருமிகள் நிரந்தரம் இல்லை, பலருக்குச் சில மாதங்களில் தானாக மாறிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் டாக்டரிடம் இந்த விஷயத்தைச் சொன்னால் போதும். நாலு வாக்கியம். அந்த முகத்தைப் பார்த்து அந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்று சொன்னால் எல்லாமே வாயில் வந்துவிடும் என்று பயம். "ஒரு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

மேடம் அந்த வருடமே ஓய்வு பெற்றார். எனக்கு ஐம்பத்தாறு முடிந்தபோது நானும் வெளியே வந்தேன். மேடம் இறந்த செய்தி கேட்டு சர்ச்சுக்குப் போயிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இறந்தவரிடம் சொல்வது சுலபம். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

போன மாதம் அஞ்சு என்ற பெண் போன் செய்தாள். களமசேரியில் ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் பழைய மர அலமாரியைக் காலி செய்தபோது அந்தக் குப்பிகளையெல்லாம் அவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். கூண்டில் அடைத்த காட்டு விலங்குகளின் குடல் கிருமிகளில் மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கிறார்களாம். இப்போது வட்டும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம், மெஷினில் வைத்தால் மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படித்துவிடுகிறது.

"சேச்சி, ஒரு சந்தேகம்" என்றாள். "ஒரு சிங்கவாலனோட குப்பி இருக்கு. அதே மரபணு ரெண்டு மாசம் கழிச்சு மத்த குரங்குகள்லயும் ஒரு ஆள்கிட்டயும் இருக்கு. ஆனா பதிவேட்ல அந்த முதல் நாளைக்கு இதைப் பத்தி ஒண்ணுமே இல்ல. குப்பில தேதி தப்பா எழுதியிருப்பாங்களா?"

பாருங்கள், எனக்கு இன்னொரு வாசல் திறந்து வைத்தாற்போல் ஆகிவிட்டது. ஆமாம் குழந்தாய், தேதி தப்பாக இருக்கும் என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் தீரும்.

"சேச்சி? லைன்ல இருக்கீங்களா?"

"தேதி சரிதான். என் கையெழுத்துதான். பதிவேட்டுலதான் தப்பு. நான் எழுதாம விட்டேன்" என்றேன்.

அவள் சந்தோஷத்தில் கத்தினாள். "அப்போ வளர்த்த வீட்டுலேர்ந்தே குரங்கு இதைக் கொண்டுவந்திருக்கு! அந்த ஆளுக்குத்தான் குரங்குகிட்டேர்ந்து வந்திருக்கு! அடிபொளி சேச்சி, இது பெரிய விஷயம்!" ஆமாம், பெரிய விஷயம்தான். போனை வைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் பள்ளுருத்திக்கு பஸ் ஏறினேன். விலாசம் தெரியாது. சாயாக்கடையில் விசாரித்தேன். "குரங்கு செல்வராஜா? அந்தச் சந்துல கடைசி வீடு" என்றார்கள். பதினோரு வருடம் கழித்தும் பெயரில் குரங்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வெளியே சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "லேப் அக்கா!" என்று அத்தனை சந்தோஷம். அவர் மனைவி பேச்சியம்மாள் வெளியே வந்தார். உள்ளே பேத்தி தரையில் குப்புறப் படுத்து மலையாளப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலை செய்யறீங்க இப்போ?"

"சிமெண்டு வேலைதான்க்கா. சாப்பாட்டுக் கடையில வேலை இருக்குன்னாவ, நான் போகல. சிமெண்டுக்கு வயிறு கிடையாதுல்லா" என்று சிரித்தார்.

பேச்சியம்மாள் சாயா கொண்டுவந்தார். எனக்குக் கண்ணாடிக் கிளாஸில். அவருக்கு ஒரு பழைய ஸ்டீல் தம்ளரில், கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தார். அவர் அதைத் தானே எடுத்துக் குடித்து, தானே வெளிக்குழாயில் கழுவி, அங்கே தனியாக இருந்த ஒரு சாப்பாட்டுத் தட்டின்மேல் கவிழ்த்தார். தம்ளரிலும் தட்டிலும் சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தது.

"அது என்ன?" என்றேன்.

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். "அவுக வயித்துல மருந்தே இல்லாத கிருமி இருக்குல்லா. அந்த வேலை போன நாள்லேர்ந்து தட்டு தனி, பாய் தனி. பேத்தி பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசலோட நின்னுட்டாவ. கண்ணாடி வழியாத்தான் பாத்தாவ. அன்னையிலேர்ந்து ஒரு நாள் அவள தொட்டது கிடையாது. குரங்குக்குட்டி மாதிரி இவளும் போயிருவாளோன்னு பயம்."

சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். இதைக் கேட்கத்தான் நான் வந்தேனா? நான் எழுதாமல் விட்ட ஒரு பென்சில் வரி இவ்வளவு தூரம் வந்து, இந்த வீட்டு ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கிறதா? வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கோத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அப்படியே போட்டு உடைத்தேன். பொன்னி வரும்போதே கொண்டுவந்தது, நான் அதைப் பார்த்தேன், எழுதவில்லை, கூட்டத்தில் கேட்டபோது பொய் சொன்னேன், உங்களுக்கு அது பொன்னியிடமிருந்துதான் வந்தது, அதுவும் எப்போதோ போயிருக்கும், இருந்தாலும் கை கழுவினால் போதும், பிள்ளையைத் தொடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

செல்வராஜ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப குட்டிய நான் கொல்லலையாக்கா?"

"இல்ல. நீங்க கொல்லல. நான் எழுதியிருந்தா சரியான மருந்து முதல் நாளே கிடைச்சிருக்கும். அது என் தப்பு."

பேச்சியம்மாள் கத்தினார். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. "பதினோரு வருசம்! நாயைக்கூட வீட்டுக்குள்ள விடுதோம், எம் புருசன் வெளிய உக்காந்து திங்காரு! நீ படிச்சவதானே? ஒரு வார்த்தை சொல்ல உன் நாக்கு அழுகியா போச்சு?" அவர் என்னை அடித்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினேன்.

"விடு பேச்சி" என்றார் செல்வராஜ். என்னை மன்னித்தார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். இரண்டாம் முறையும் கழுவினார். லுங்கியில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"மதி, இங்க வா தாயி."

பேத்தி நோட்டோடு எழுந்து வந்தாள். வாசற்படிக்கு உள்ளே, அவரிடமிருந்து இரண்டு கை தூரத்தில் தானாகவே நின்றுகொண்டாள். அங்கேதான் எப்போதும் நிற்பாள் போலிருக்கிறது. செல்வராஜ் இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினார். அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பாட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, அவர் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, தன் கையில் இருந்த நோட்டை அவர் கைகளில் வைத்தாள்.